குழாயில் ஒரு காற்றுக் குமிழ்

ஜூன் 3, செவ்வாய்

தினமும் என்ன சாப்பாடு, சுகர் எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர் கோமதி. சர்க்கரை வசந்தாவுக்கு, எழுதுகிற வேலை எனக்கு. சரி, மோட்டார் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி என் மோட்டார் ரிப்பேர்க் கடையில் சும்மாதான் கிடக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

காலை வெறும் வயிற்றில் 212. இட்லி, தக்காளிச் சட்னி. மத்தியானம் 58. வியர்த்துக் கொட்டவில்லை, கை நடுங்கவில்லை, பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள். நாட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. எழுதியாயிற்று. இனி என் பாட்டை எழுதுகிறேன்.

வசந்தாவுக்கு வந்திருப்பது வயசாகி வருகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலின் அறவே சுரக்காத சர்க்கரை. மகள் சிந்துஜா கைக்குழந்தையாக இருந்தபோது வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஊசி போடுவது நான்தான். முதல் நாள் அவள் கை நடுங்கியது, நான் வாங்கிப் போட்டேன், அப்படியே நின்றுவிட்டது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவதே அதற்காகத்தான். காங்கேயத்தில் இருக்கிற பெண்கள் எல்லாம், "நாச்சிமுத்தண்ணனாட்ட புருசன் கெடைக்கணும்" என்பார்கள். வசந்தா அதைக் கேட்டுச் சிரிப்பாள். என்ன சிரிப்பு என்று நான் கேட்டதில்லை.

இப்போது டாக்டர் சொல்கிறார், ஊசியை விட்டுவிட்டு இன்சுலின் பம்புக்கு மாறிவிடலாமாம். இடுப்பில் ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய். குழாயின் நுனி வயிற்றுத் தோலுக்குள். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக அதுவே கொடுக்கும். சாப்பிடும்போது மட்டும் பட்டனை அமுக்கினால் போதும்.

"அப்ப எங்க வேணும்னாலும் போலாங்களா?" என்று வசந்தா கேட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

எங்கே வேணும்னாலும் என்றால் புனே. சிந்துஜாவுக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை. படுக்கையை விட்டு எழவே கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதெல்லாம் இனிப் பேச்சுக்குத்தான். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. வசந்தாதான் போக வேண்டும். நான் கூடப் போய் நாலு மாசம் உட்கார்ந்தால் கடை என்னாவது? இதுவரை அவள் என்னை விட்டு ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. ஊசி இருக்கிறதே, எப்படிப் போவாள்?

ஒரு மாசம் மெஷினைத் தன்னந்தனியாக ஓட்டிக் காட்டினால் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பம்பு என்று சொன்னால் ஒரு மோட்டார்காரன் நாலு கேள்வி கேட்கத்தான் செய்வான்.

ஜூன் 5, வியாழன்

காலை 190. ராகிக் களி. கேள்விகள் கேட்டேன். கரண்டு? பேட்டரி. பேட்டரி தீர்ந்தால்? கத்துமாம். குழாய் அடைத்தால்? அதற்கும் கத்துமாம். கத்துகிற நேரம் இவள் தூங்கினால்? வசந்தா சொன்னாள், "ஏனுங்க, நானென்ன செத்தா போயிருவேன், சத்தம் கேக்காதுங்களா?"

வாயைக் கழுவச் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

கோயம்புத்தூர் போய் மெஷினைப் பொருத்திக்கொண்டு வந்தோம். சொல்லிக் கொடுத்தது ஷெரின் என்கிற சிஸ்டர். சின்னப் பெண், ஆனால் கறார். மருந்தை நிரப்புவது, குழாயில் ஓட்டுவது, வயிற்றில் ஒட்டுவது எல்லாம் வசந்தாவையே செய்யச் சொன்னாள். நான் கை நீட்டினால், "அப்பா, நீங்க பாருங்க போதும்" என்றாள்.

"நாங்களும் பம்புதாம்மா, ஆயுசுக்கும் அதான் வேல" என்றேன்.

"இது வேற பம்புப்பா."

பம்பில் என்ன வேறு? தள்ளுகிறது, போகிறது. உள்ளே காற்று புகுந்தால் போகாது. கிணற்றில் போட்டாலும் வயிற்றில் போட்டாலும் சட்டம் ஒன்றுதான். இதைச் சொன்னேன். அவளும், "ஆமாப்பா, குழாய்ல காத்துக் குமிழ் இருந்தா மருந்து அந்த அளவுக்குக் கொறஞ்சிரும், பாத்துக்கணும்" என்றாள். பார்த்தாயா, என்று வசந்தாவைப் பார்த்தேன்.

அந்தச் சமயம் பார்த்து வெள்ளகோவில் கோழிப்பண்ணைக்காரர் போன் போட்டார். போர்வெல் மோட்டார் நின்றுவிட்டதாம், கோழிக்குத் தண்ணீர் இல்லையாம், இந்த வெயிலுக்குச் செத்து விழுமாம். வராண்டாவில் நின்று ஸ்டார்ட்டரில் எந்த ஒயரைத் தட்ட வேண்டும் என்று சொல்லி ஓட வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், குழாய் மாற்றுகிற பாடம் முடிந்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்கள்.

போகட்டும். எனக்கென்ன தெரியாததா?

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். வசந்தா சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அட, எதுக்கு வந்தீங்க? நான் பட்டனை அமுத்திச் சாப்ட்டுட்டனே" என்றாள்.

சாப்பிட வந்தேன் என்றேன்.

சுகர் 141.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். இன்றுதான் அவளாகச் செய்கிற முதல் தடவை. கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். வியர்த்து வழிகிறது. ஃபேனைப் போடலாம் என்று கிட்டே போனேன்.

"சித்தெ அக்கட்டால நில்லுங்க. நீங்க மூச்சு உடற சத்தத்துல எனக்கு மறந்து போகுது."

வாசல்படியில் நின்று பார்த்தேன். மருந்து டப்பியில் ஏற்றுகிறாள். மெஷினில் சொருகுகிறாள். பட்டனை அமுக்கிப் பிடித்தால் குழாய் வழியாக ஓடி நுனியில் சொட்டுகிறது. மோட்டாரில் காற்றெடுக்கிற அதே வேலைதான். கடைசியில் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, "ஆச்சு!" என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி இருந்தாள். உடனே சிந்துஜாவுக்குப் போன்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒட்டின இடம் கொஞ்சம் கோணல். சொன்னால் கோபம் வரும்.

ஜூன் 15, ஞாயிறு

128, 117, 150. இந்த மாதிரி எண்களை நான் அவள் உடம்பில் பார்த்ததே இல்லை. டாக்டர் போனில் பாராட்டினார்.

மெஷினை வைத்துக்கொள்ள ரவிக்கைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து உள்பாவாடை நாடாவில் கோர்த்திருக்கிறாள். சேலைக்குள் இருப்பது வெளியே தெரியவில்லை. எதிர்வீட்டுச் சரசக்கா நேற்று அதன் பீப் சத்தம் கேட்டு, "வசந்தா, உன்ற இடுப்புல குருவி கத்துது" என்றாள். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தினால் எதற்கோ கத்துகிறது. மோட்டார் சத்தம் மாறினால் நான் தெரு முனையிலேயே சொல்லிவிடுவேன். இது எதற்குக் கத்துகிறது என்றே புரிவதில்லை.

ஜூன் 18, புதன்

மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டாராம். ஜூலை 13, ஞாயிறு. திருப்பூரில் ஏறினால் மறுநாள் புனே. ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று இவளே நாள் சொல்லியிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

சரி போ என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்காகக் கேட்காமல் இருப்பதா?

ஜூன் 20, வெள்ளி

மெஷின் கத்தியது. அடைப்பு. நான் கடையில் இருந்தேன், போன் வரவில்லை. சேலை மடிப்பில் குழாய் நசுங்கியிருந்ததாம், அவளே சரி செய்துவிட்டாளாம். சாயங்காலம் காபி கொடுக்கும்போது போகிற போக்கில் சொல்கிறாள். இவ்வளவு பெரிய விஷயத்தை!

"நீ எனக்குப் போன் பண்ணியிருக்கணும்."

"பண்ணி?"

பண்ணியிருந்தால் வந்திருப்பேன். அவ்வளவுதான். அதைச் சொல்லத் தோன்றாமல் காபியில் சர்க்கரை இல்லை என்று சத்தம் போட்டேன். சர்க்கரை இருந்தது.

ஜூன் 23, திங்கள்

தூக்கம் சரியில்லை. நான் பார்த்த பம்புகளில் பழுதாகாத பம்பு ஒன்றுகூட இல்லை. புதுசில் நன்றாகத்தான் ஓடும். புனேயில் அது நின்றால் மாப்பிள்ளை ஆபீசில் இருப்பார், சிந்துஜா படுக்கையில் இருப்பாள், இவள் சமையலறையில் விழுந்து கிடப்பாள். இதைச் சொன்னால் அபசகுனம் பேசுகிறேன் என்கிறாள். பயமாக இருக்கிறது என்று சொன்னால் இளக்காரமாகப் போய்விடும். எனவே மெஷினைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

சுகர் 122.

ஜூன் 27, வெள்ளி

இன்று எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

காலைச் சாப்பாடு முடிந்து வசந்தா மாவு மில்லுக்குக் கிளம்பினாள். பிள்ளை பெற்றவளுக்கு ரசத்தில் போடுகிற செலவுப் பொடி அரைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். சுக்கு, மிளகு, திப்பிலி என்று முந்தாநாளே வறுத்து வைத்துவிட்டாள். சேலை மாற்றும்போது மெஷினை எங்கே வைப்பது? தினமும் பல்லில் கடித்துக்கொண்டு கட்டுகிறாளாம். இன்று நான் அங்கே நின்றதால், "இதச் சித்தெ புடிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக் கொசுவம் மடிக்க ஆரம்பித்தாள்.

மூன்று வாரத்தில் முதல் தடவையாக அதை என் கையில் கொடுக்கிறாள். குழாய் அவள் வயிற்றிலிருந்து என் உள்ளங்கை வரை வருகிறது. வெளிச்சத்தில் பார்த்தேன். குழாயின் நடுவில் ஒரு குமிழ்! கடுகு நீளம் இருக்கும். பக்கத்தில் இன்னொன்று.

சிஸ்டர் அன்றைக்கே சொன்னாள் அல்லவா? சொன்னால் இவள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள், மறந்துவிடுவாள், மில்லில் சுகர் ஏறும். வாசல்படியில் நின்று நான் பார்த்ததெல்லாம் வீணாகவா போகும்? குழாயில் ஓட்டுகிற இடத்துக்குப் போய் அமுக்கினேன். ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. எந்த மெஷின்தான் கேட்காது? ஓகே கொடுத்தேன். அமுக்கிப் பிடித்தேன். குமிழ் மெல்ல நகர்ந்து நகர்ந்து போயே போய்விட்டது. சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். குழாய் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தொட்டதற்குத் திட்டுவாள். மெஷினை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வறுத்த சாமான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைக்கு வந்து இதை எழுதுகிறேன். மனசு லேசாக இருக்கிறது. சொல்லப்போனால் பாட்டுப் பாடலாம் போல இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை டைரியை மூடி வைத்த கொஞ்ச நேரத்தில் மில்லிலிருந்து போன். "அண்ணா, அக்கா உழுந்துட்டாங்கொ." வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. மில் வாசலில் மாவு மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி. யாரோ கையில் இரும்புச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். காக்காய் வலிப்பு இல்லைடா, சர்க்கரை இறங்கிவிட்டதடா என்று கத்தினேன். அவள் கைப்பையில் எப்போதும் இருக்கிற தேன் பாட்டிலை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 24. இருபத்து நாலு! குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் கோமதி போனிலேயே மெஷினைக் கழற்றச் சொன்னார். சாயங்காலம்தான் கண் விழித்து, "பொடி அரச்சாச்சுங்களா?" என்று கேட்டாள்.

அட கெரகமே! நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நர்சுகள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மெஷின் தறிகெட்டு ஓடிவிட்டது. ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. நான் முதல் நாளே சொன்னேன், பம்பை நம்ப முடியாது என்று. இதைக் கம்பெனியில் கேட்காமல் விடப்போவதில்லை.

குமிழ் எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காற்று போனால் பம்பு ஒழுங்காகத்தான் ஓட வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

கோயம்புத்தூர். ஷெரின் சிஸ்டர் மெஷினை வாங்கி உள்ளே இருக்கிற கணக்கைத் திறந்தாள். அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்குமாம். பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலைல குழாய்ல மருந்து ஓட்டியிருக்கீங்க. உடம்புல மாட்டியிருக்கும்போதே ஓட்டியிருக்கீங்க. அவ்வளவும் உடம்புக்குள்ள போயிருக்கு. ஒரு நாள் மருந்து ஒரே அடியில" என்றார் டாக்டர். "குழாயைக் கழட்டாம ஓட்டவே கூடாதுன்னு அன்னைக்கே சிஸ்டர் சொல்லலையா? மெஷினும் கேக்குமே, கழட்டியாச்சான்னு?"

நான் வராண்டாவில் கோழிப்பண்ணைக்காரரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னது அதுதான்.

கிணற்றுப் பம்பில் குழாயோடு சேர்த்துத்தான் காற்றெடுப்போம். அந்தப் பக்கம் இருப்பது தண்ணீர்த் தொட்டி. வழிந்தால் வழியட்டும் என்று விடுவோம். இங்கே குழாயின் அந்தப் பக்கம் வசந்தா இருந்தாள்.

"யாரு பண்ணுனது?" என்றார் டாக்டர்.

வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தான் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று மெஷினை யார் கையில் கொடுத்தாள் என்பதும் தெரியும்.

"நாந்தானுங்க" என்றாள் டாக்டரிடம். "அவசரத்துல அமுத்தீட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் மெஷினை எடுத்து மேஜையில் வைத்தார். "இத நீங்களே பண்ணுனீங்கன்னா, உங்களை அவ்வளவு தூரம் தனியா அனுப்ப முடியாதும்மா. இப்போதைக்கு ஊசிக்கே போயிருவோம். புனே வேண்டாம்" என்றார்.

அப்போதும் திறக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை 205. ஊசி நான் போட்டேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தேன். நான் போட்டேன். இரவும் நான்தான்.

கை ஒரு பொட்டுக்கூட நடுங்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 2, புதன்

வசந்தா என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், வயிற்றைக் காட்டுகிறாள், எழுந்து போய்விடுகிறாள்.

மத்தியானம் சிந்துஜாவோடு பேசினாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். "அம்மாவுக்கு வர முடியாது சாமி. ஒரு ஆளு வெச்சுக்கலாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு." அந்தப் பக்கம் பிள்ளை அழுவது சுவர் தாண்டிக் கேட்டது. "எனக்கு ஆளு வேண்டாம்மா, நீதான் வேணும்மா" என்று. நிறைமாசத்தை நெருங்குகிறவள் இப்படி அழலாமா?

போனை வைத்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. காத்துக்காகத்தான் அமுத்துனீங்களா?"

"அட, என்ன கேள்வி கேக்கற! பின்ன எதுக்கு அமுத்துவேன்? உன்னையக் கொல்றதுக்கா?"

"கொல்றதுக்குன்னு நான் சொல்லல."

உள்ளே போய்விட்டாள். எதற்காக என்று அவள் நினைக்கிறாள் என்பதைச் சொல்லாமலே போய்விட்டாள்.

ஜூலை 3, வியாழன்

கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்ட உட்கார்ந்து மூன்று தடவை சுற்று தப்பிப் பிரித்தேன். நாள் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டேன். அமுக்கும்போது மனசில் காற்றுதான் இருந்தது. மாரியம்மன் மேல் ஆணையாகக் காற்றுதான். ஆனால் முந்தாநாள் ஊசி போடும்போது எனக்கு நிம்மதியாக இருந்ததே, அது என்ன? மில் வாசலில் வெட்டி வெட்டி இழுத்த உடம்பு அது. அதில் ஊசியை ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அவள் இங்கேயே இருப்பாள்.

மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

காலை ஊசி போட்டுவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். டோக்கன் போடவில்லை. டாக்டர் வெளியே வந்தபோது எழுந்து நின்றேன்.

"அன்னைக்கு மெஷின அமுத்துனது நானுங்க. வசந்தாவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. சேல கட்டறப்ப என்ற கையில குடுத்தா. காத்தெடுக்கறேன்னு நான் அமுத்தீட்டேன்."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அம்மாள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தால் நீங்கள் கொள்ளி வைத்துவிட்டு வந்திருப்பீர்கள் என்றார். வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திட்டி முடித்துவிட்டு, "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா அவ போயிருவாளுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, நேரம் தப்பிய மத்தியான ஊசியைப் போட்டேன். பிறகு, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும், நான் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். வசந்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு மறுபடி களைந்தாள்.

ஜூலை 7, திங்கள்

என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே வசந்தாவை முதலிலிருந்து எல்லாம் செய்யச் சொல்லிப் பார்த்தார்களாம். மெஷின் கத்தினால் என்ன செய்வாய், நின்றுவிட்டால் என்ன செய்வாய், பெட்டியில் ஊசி எப்போதும் இருக்கிறதா என்று குறுக்கு விசாரணை. வெளியே வந்த ஷெரின் சிஸ்டர், "அம்மா எனக்கே கிளாஸ் எடுப்பாங்கப்பா" என்றாள். மெஷின் மறுபடி இடுப்பில். புனேயில் பார்க்க வேண்டிய டாக்டர் பெயரும் எழுதிக் கொடுத்தாயிற்று. போகலாம்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. "அதைத் தொடக் கூடாது."

தொட மாட்டேன் என்று கும்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

131. மூட்டை கட்டுகிறாள். பேசுகிறாள், ஆனால் வேலைப் பேச்சுதான். அரிசி எங்கே இருக்கிறது, சிலிண்டர் எப்போது தீரும், மோட்டார் துணியோடு கட்டிலில் படுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் சரி என்கிறேன். பயம் போகவில்லை. வேறு மாதிரி ஆகியிருக்கிறது.

ஜூலை 12, சனி

தேன், குளுக்கோஸ், பேட்டரி, ஊசி, மருந்தை வைக்க ஐஸ் பை. நான் எடுத்து வைத்ததை எல்லாம் அவள் பிரித்து, தன் இஷ்டப்படி அடுக்கினாள். நான் கயிறு மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

திருப்பூர் ஸ்டேஷன். வண்டி அங்கே நிற்பதே சித்த நேரம்தான். பெட்டிகளை ஏற்றி, சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கினேன். வசந்தா கதவருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

"நீ அன்னைக்குக் கேட்டியே, காத்துக்காகத்தானான்னு" என்றேன். "அமுத்துனப்பக் காத்துதான் வசந்தா. அது சத்தியம். ஆனா நீ ஆஸ்பத்திரில கெடந்து வந்து, மறுபடியும் ஊசிக்கு வயித்தக் காட்டுனப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அத நெனச்சாத்தான் எனக்கே என்னையப் பாத்துப் பயமா இருக்குது."

பிளாட்பாரத்தில் நாலு பேர் கேட்டிருப்பார்கள். எனக்கு அப்போது அது ஒன்றும் தோன்றவில்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

"தெரியுமா?"

"உங்க மொகத்துலயே தெரிஞ்சுது. ஊசி போட்டுட்டுப் பாட்டு முணுமுணுத்துட்டே கைகழுவப் போனீங்க." அவள் சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. "டாக்டருகிட்ட நாந்தான்னு எதுக்குச் சொன்னேன்னு நெனைக்கறீங்க? உங்களக் காப்பாத்தவா? நீங்களாச் சொல்றீங்களா, மாட்டீங்களான்னு பாத்தேன்."

கார்டு விசில் ஊதினார்.

"சொல்லாட்டி?" என்றேன்.

"சொல்லாட்டியும் போயிருப்பனுங்க. மெஷின வீசிட்டு, ஊசிய நானே குத்தீட்டுப் போயிருப்பேன். என்ற புள்ள கூப்படறா, போகாம இருப்பனா?" கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து என் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "ஆனா திரும்பி வந்திருப்பனான்னு தெரியாது."

வண்டி நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். "உள்ள போ, கதவுகிட்ட நிக்காத" என்று கத்தினேன். "போறனுங்க, நீங்க பாத்து வண்டி ஓட்டீட்டுப் போங்க" என்று அவளும் கத்தினாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.